கணினிக் கேள்வி – பதில்: வீட்டுக் கணினிக்கு எந்த ஆபீஸ்?

கல்லூரிகள் திறந்து புது மடிக்கணினிகள் வீட்டுக்கு வந்த பருவம் என்பதால், இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை: கடிதம் எழுத, கணக்குப் போட, பாடத்துக்கு ஒப்படைப்பு தயாரிக்க எந்த மென்பொருளை வைத்துக்கொள்வது, அதற்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டுமா என்பது. ஆறு கடிதங்களைத் தேர்ந்தெடுத்து விடை எழுதியிருக்கிறேன். இப்பகுதியின் வழக்கப்படி எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறோம்.

கேள்வி: எங்கள் மகள் கும்பகோணத்தில் பி.காம். முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். மகன் பதினொன்றாம் வகுப்பில் கணினிப் பயன்பாடுகள் எடுத்திருக்கிறான். என் கணவர் 12 மா நிலத்தின் குறுவை, சம்பா வரவு செலவை நோட்டில் எழுதி வருகிறார். அதைக் கணினியில் ஏற்றித் தரும்படி மகளிடம் கேட்டிருக்கிறார். சென்ற ஆண்டு வாங்கிய மடிக்கணினியில் வேர்டும் எக்செலும் ஓராண்டு நன்றாக ஓடின. இப்போது கோப்பு திறக்கிறது, ஆனால் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியவில்லை. கடையில் கேட்டால், 500 ரூபாய் கொடுங்கள், ஆயுளுக்கும் ஓடுகிற மாதிரி போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– குத்தாலம்

பதில்: உங்கள் கணினி கெட்டுப் போகவில்லை, அம்மா. மடிக்கணினியோடு வந்தது மைக்ரோசாப்ட் 365 என்னும் சந்தா; முதல் ஓராண்டுச் சந்தா கணினியின் விலையோடு சேர்ந்து வந்திருக்கிறது, அது முடிந்துவிட்டது. சந்தா முடிந்தால் கோப்பைத் திறக்கலாம், படிக்கலாம், அச்சிடலாம். திருத்தவும் புதிதாக எழுதவும் முடியாது. உங்கள் மகள் எழுதி வைத்த கோப்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவற்றை இன்றே ஒரு பென் டிரைவில் படியெடுத்து வைத்துவிடுங்கள்.

கடைக்காரர் சொன்ன 500 ரூபாயை அடுத்த கேள்வியில் எடுத்துக்கொள்கிறேன். முதலில் எந்த மென்பொருள் என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் மூவரும் உட்கார்ந்து ஒரு தாளில் ஒன்றை எழுதிப் பாருங்கள்: இந்தக் கணினியில் செய்கிற கோப்புகளில் எவையெவை வீட்டை விட்டு வெளியே போகின்றன, அவை யாரிடம் போகின்றன, வாங்குகிறவர் அதைப் படிக்க மட்டும் செய்வாரா அல்லது திருத்தித் திருப்பி அனுப்புவாரா? நான் பார்த்த வரையில் இந்த ஒரு தாள்தான் பணத்தை மிச்சப்படுத்துகிறது. விலைப்பட்டியலை வைத்துத் தொடங்குகிறவர்கள் தேவையில்லாததை வாங்கிவிடுகிறார்கள்.

உங்கள் கணவரின் வயல் கணக்கு எங்கும் போகப் போவதில்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கும். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள கால்க் என்னும் விரிதாள் போதும். முதல் நெடுவரிசையில் வயலின் பெயர், இரண்டாவதில் மா, மூன்றாவதில் அதை மூன்றால் வகுத்த ஏக்கர் என்று போட்டுக்கொண்டால் உங்கள் 12 மா தானாகவே 4 ஏக்கர் என்று விழும். அடுத்து உழவு, நாற்று, நடவு, களை, உரம், அறுவடை இயந்திர வாடகை என்று செலவு நெடுவரிசைகள். நெல் வரவில், கொள்முதல் நிலையத்தில் போட்ட 40 கிலோ சிப்பங்களின் எண்ணிக்கையை 40-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் குவிண்டால் வந்துவிடும்; அதை அவ்வாண்டு விலையால் பெருக்கினால் தொகை. குறுவைக்கு ஒரு தாள், சம்பாவுக்கு ஒரு தாள் என்று ஒரே கோப்புக்குள் வைத்துக்கொண்டால் ஒரு ஏக்கருக்கு எந்தப் பட்டத்தில் எவ்வளவு நின்றது என்பதை உங்கள் கணவர் முதன்முறையாக அருகருகே வைத்துப் பார்ப்பார். நோட்டில் எழுதுகிறவருக்கு இது கிடைப்பதில்லை, அதனால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன்.

மகனைப் பற்றிக் கவலையே வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூலில் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடம் ஓபன் ஆபீஸின் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் ஆகியவற்றைத்தான் கற்பிக்கிறது. லிப்ரே ஆபீஸ் அதன் உடன்பிறப்பு. அவனுக்குப் பாடத்துக்கு வேண்டியது இலவசத் தொகுப்புதான்.

மகளின் கோப்புதான் வெளியே போகிறது. வணிகவியல் துறையில் எக்செல் பயிற்சி இருக்கும். வேலைக்குப் போகும் இடத்திலும் எக்செல் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். ஆனால் முதலாண்டில் கற்றுத்தருகிற கூட்டல், சராசரி, நிபந்தனைக் கூட்டல், பட்டியலில் தேடி எடுத்தல், வரைபடம், பிவட் அட்டவணை எல்லாம் கால்க்கில் அதே பெயரில், அதே வாய்பாட்டில் இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பிலிருந்து எக்ஸ்லுக்கப் என்னும் புதிய தேடல் சார்பும் கால்க்கில் சேர்ந்துவிட்டது. பல அலுவலகங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் எக்செல் 2016-இல் அது கிடையாது. மேலே உள்ள பட்டை எக்செல் போலத் தெரிய வேண்டுமென்றால், பார்வைப் பட்டியில் பயனர் இடைமுகம் என்பதற்குள் சென்று தத்தல் (டேப்) அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் ஏறத்தாழ அதே தோற்றம் வந்துவிடும்.

அதோடு இரண்டு வழிகள் அவளுக்குத் திறந்திருக்கின்றன. கல்லூரி அவளுக்கு மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தால், அதைக் கொண்டு மைக்ரோசாப்டின் கல்விப் பக்கத்தில் பதிவு செய்து பார்க்கட்டும். கல்லூரி அத்திட்டத்தில் இருந்தால் இணையவழி வேர்டும் எக்செலும் இலவசமாகக் கிடைக்கும். அது இல்லாவிட்டாலும், எந்த மின்னஞ்சலைக் கொண்டும் ஒரு மைக்ரோசாப்ட் கணக்குத் தொடங்கினால் உலாவிக்குள் ஓடும் எளிய எக்செலும் 5 ஜி.பி. சேமிப்பிடமும் கட்டணமின்றி உண்டு. ஒப்படைப்பை வீட்டில் கால்க்கில் செய்துவிட்டு, அனுப்புவதற்கு முன் ஒருமுறை அதில் திறந்து பார்த்துவிட்டால், ஆசிரியரின் கணினியில் எப்படித் தெரியும் என்பது தெரிந்துவிடும்.

லிப்ரே ஆபீஸை நிறுவியதும் அரை மணி நேரம் ஒதுக்கிச் சில அமைப்புகளைச் சரிசெய்துவிடுங்கள். இதைச் செய்யாமல்தான் பலர் "ஒத்துவரவில்லை" என்று இரண்டாம் நாளே நீக்கிவிடுகிறார்கள். இது இயல்பாகக் கோப்புகளைத் தன் சொந்த வடிவமான ஓ.டி.எப். வகையில்தான் சேமிக்கும், அதைக் கல்லூரிக்கு அனுப்பினால் அங்கே குழம்புவார்கள். அமைப்புகளில் ஏற்று / சேமி என்னும் பகுதியில், எப்போதும் வேர்டின் டாக்எக்ஸ் ஆகவும் எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகவும் சேமி என்று ஒருமுறை சொல்லிவிடலாம். அதே பக்கத்தில் தானியங்கு மீட்புச் சேமிப்பு 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்றிருப்பதை 3 நிமிடமாக்குங்கள்; நம் பக்கத்து மின்வெட்டுக்கு 10 நிமிடம் அதிகம். மொழி அமைப்பில் இடத்தை இந்தியா என்று மாற்றினால், 1,50,000 என்று இலட்சக் கணக்கில் காற்புள்ளி விழும். மாற்றாவிட்டால் 150,000 என்று அயல்நாட்டு முறையில் நின்று உங்கள் கணவரைத் தடுமாற வைக்கும். வரியும் பக்கமும் நகராமல் அச்சாக வேண்டிய எதையும் பி.டி.எப். ஆக்கியே ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். அதற்குக் கருவிப்பட்டையிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது.

என் முடிவு இது: இவ்வாண்டு பணம் கொடுக்க வேண்டாம். மூன்றாம் பருவத்தில் மகளின் பாடத்தில் எக்செல் மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்ய எழுதும் கட்டளைத் தொகுப்பு) வந்து, அதை வீட்டிலும் செய்தாக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டால் அப்போது சந்தா எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். எழுதியனுப்புங்கள், அப்போது மீண்டும் பார்ப்போம்.

புதிதாக மடிக்கணினி வாங்கப் போகும் மற்ற வாசகர்களுக்கு ஒரு சொல். கடைக்காரர் "ஆபீஸ் உள்ளே இருக்கிறது" என்றால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். ஓராண்டு 365 சந்தாவா, ஒரே முறை விலை கொடுத்து அந்தக் கணினி உள்ளவரை வைத்துக்கொள்ளும் ஆபீஸ் ஹோம் வகையா என்று கேட்டு, எது என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். இரண்டாவது வகையாக இருந்தால் முதல் நாளே உங்கள் சொந்த மின்னஞ்சலில் அதைப் பதிவு செய்யுங்கள். கடைக்காரரின் மின்னஞ்சலில் பதிவானால் உரிமம் அங்கேயே தங்கிவிடும்.

கேள்வி: இணையக் கடையில் ஆபீஸ் 2021 வாழ்நாள் சாவி (உரிமக் குறியீடு) 499 ரூபாய் என்று விற்கிறார்கள். பலர் வாங்கி நன்றாக ஓடுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். வாங்கலாமா?
– பட்டுக்கோட்டை

பதில்: வேண்டாம். அப்படி விற்கப்படும் சாவிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு நிறுவனத்துக்கோ கல்விக்கூடத்துக்கோ மொத்தமாகக் கொடுக்கப்பட்ட உரிமத்திலிருந்து கசிந்தவை. இன்று ஏற்றுக்கொள்ளப்படும் சாவி, மூல உரிமம் முடக்கப்படும் நாளில் செத்துவிடும். பணத்தைக் கேட்க ஆள் இருக்காது. வாழ்நாள் என்ற சொல்லும் பொருந்தாது. ஆபீஸ் 2021-க்கு மைக்ரோசாப்ட் தரும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரைதான். 2016, 2019 பதிப்புகளுக்கு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றுவிட்டன.

கடையில் 500 ரூபாய்க்கு "போட்டுத் தருவது" இதைவிட மோசம். கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த, தொகுப்பை நிறுவும்போது முதலில் நச்சுநிரல் தடுப்பானை நிறுத்தச் சொல்லும். பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, முகம் தெரியாத ஒருவரை உள்ளே விடுவதற்கு அது சமம். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறவினர் வீட்டுக் கணினியில் ஒரு கடையில் இப்படித்தான் நிறுவித் தந்தார்கள். நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் கோப்புகளின் பெயரெல்லாம் மாறி, எதுவும் திறக்காமல், பணம் கட்டினால் மீட்டுத் தருகிறோம் என்ற அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது. மகள் திருமணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் முகவரிப் பட்டியல், வீட்டுக்கடன் கணக்கு, இறந்துபோன பெரியவரின் கையெழுத்துப் பிரதிகளை ஸ்கேன் செய்து வைத்திருந்த படங்கள் எல்லாம் அதில் இருந்தன. படங்கள் கடைசி வரை திரும்பக் கிடைக்கவில்லை. நேர்மையான இலவசம் கையருகே இருக்கும்போது இந்த ஆபத்தை எவரும் விலைக்கு வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியன், வயது 71. எங்கள் ஊர்க் கோயில், குளம், பழைய தெருக்கள் பற்றி ஆறு ஆண்டுகளாக எழுதி வருகிறேன். பாமினி எழுத்துருவில் வேர்டில் 240 பக்கம் சேர்ந்திருக்கிறது. மகன் அனுப்பிய புதிய கணினியில் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. அதில் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. என் உழைப்பு போய்விட்டதா? இலவச மென்பொருளில் தமிழ் வராதா?
– திருவாரூர்

பதில்: போகவில்லை, ஐயா. ஒரு வரிகூடப் போகவில்லை. கோளாறு லிப்ரே ஆபீஸில் இல்லை. விலை கொடுத்து வாங்கிய வேர்டாக இருந்தாலும் அந்தப் புதிய கணினியில் இப்படித்தான் தெரிந்திருக்கும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினிக்குள் சேமிக்கப்படுவது தமிழ் எழுத்தே இல்லை. ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எழுத்துரு இருக்கும் கணினியில் அம்மா என்று தெரிவது, எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலச் சின்ன எம், கே, அரைப்புள்ளி என்று உண்மை முகத்தைக் காட்டிவிடுகிறது. இதனால் இன்னொரு தொல்லையும் உண்டு, நீங்களே அனுபவித்திருப்பீர்கள். வரியின் முதலில் அம்மா என்று அடித்து இடைவெளி விட்டதும் அது ஆம்மா என்று மாறியிருக்கும். வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தானியங்குத் திருத்தம், சின்ன எம்மைப் பெரிய எம் ஆக்கிவிடுகிறது. பாமினியில் சின்ன எம் அகரம், பெரிய எம் ஆகாரம். நீங்கள் தட்டச்சுப் பிழை என்று எண்ணித் திருத்திய பல இடங்கள் உங்கள் பிழையாகவே இருந்திருக்க மாட்டா.

உடனடித் தீர்வு எளிது. பழைய கணினியில் எழுத்துருக்கள் உள்ள உறையிலிருந்து பாமினிக் கோப்பைப் படியெடுத்துப் புதிய கணினியில் நிறுவினால் 240 பக்கமும் தமிழாகத் தெரியும். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஊர் வரலாறு எழுதுகிறீர்கள். உங்களுக்குப் பின் உங்கள் பேரன் அதைத் திறக்க வேண்டும். ஒருங்குறிக்கு, அதாவது தமிழ் எழுத்துக்குத் தனி இருக்கை தரும் யூனிகோடு முறைக்கு, மாற்றிவிடுங்கள். தமிழ்நாடு அரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டது. பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் இலவச மாற்றிகள் பல இருக்கின்றன. மொத்தத்தையும் ஒரே மூச்சில் மாற்றாமல், அத்தியாயம் அத்தியாயமாக, மூலப் பிரதியைத் தொடாமல், படியில் மட்டும் மாற்றுங்கள். இடையிடையே நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய சொற்கள் இருந்தால் அவையும் தமிழ் எழுத்தாக மாறிப் பொருளற்றுப் போகும். அவற்றை மட்டும் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும். பழைய நில அளவைப் பதிவேடுகளிலிருந்து ஆங்கிலத்தில் எடுத்தெழுதியிருந்தால் அந்தப் பக்கங்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய பிறகு லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் தமிழ் மிக நன்றாகவே வரும். அமைப்புகளின் மொழிப் பகுதியில் சிக்கலான உரை அமைப்பு என்பதை இயக்கி, அதற்கு மொழியாகத் தமிழைக் கொடுங்கள். ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துருவும் தமிழுக்கு வேறொன்றும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அதில் இருக்கிறது. இந்த நுட்பம் தெரியாமல், எழுத்துருவை மாற்றினேன், தமிழ் மட்டும் மாறவில்லை என்று பலர் திகைக்கிறார்கள். விரும்பினால் பட்டிகளையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். நிறுவும்போது தமிழைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

விசைப்பலகைதான் உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம் கொடுக்கும். ஆறு ஆண்டு பழகிய விரல் எளிதில் மாறாது. பாமினி முறையிலேயே தட்டச்சிட்டு ஒருங்குறியில் வெளிவரச் செய்யும் இலவசச் செயலிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றை நிறுவித் தரும்படி மகனிடம் சொல்லுங்கள். புதிதாகத் தொடங்குகிற மற்றவர்களுக்கு 1999-இல் அரசு அறிவித்த தமிழ்99 முறையைப் பரிந்துரைக்கிறேன். விண்டோஸ் 11-இல் அது உள்ளேயே இருக்கிறது.

ஒருங்குறிக்கு மாறியதும் நீங்கள் முதலில் செய்து பார்க்க வேண்டியது தேடல். குளத்தின் பெயர் ஒன்றைக் கொடுத்து 240 பக்கத்திலும் எங்கெங்கு வந்திருக்கிறது என்று தேடுங்கள். கோயிலுக்கு நிலம் எழுதிவைத்தவர்களின் பட்டியல் இருந்தால் அதைத் தமிழ் அகரவரிசையில் அடுக்கிப் பாருங்கள். பாமினியில் அடுக்கினால் ஆங்கில வரிசையில் கலைந்து நிற்கும். ஒருங்குறியில் அ, ஆ, இ என்று ஒழுங்காக வரும். உங்கள் நூலுக்குச் சொல்லடைவு போடும் நாளில் இந்த வசதி எத்தனை நாள் வேலையை மிச்சப்படுத்துகிறது என்று நீங்களே கண்டுகொள்வீர்கள். நூல் வெளியானால் எங்களுக்கு ஒரு படி அனுப்ப வேண்டுகிறேன்.

கேள்வி: எதையும் நிறுவாமல் கூகுள் டாக்ஸிலேயே எல்லாம் செய்துகொண்டால் என்ன? கைப்பேசியிலும் கிடைக்கிறதே.
– வேதாரண்யம்

பதில்: செய்யலாம். ஒரே கோப்பைச் சென்னையில் இருக்கும் அண்ணனும் ஊரில் இருக்கும் நீங்களும் ஒரே நேரத்தில் திருத்த வேண்டுமென்றால் அதைவிட எளிதான வழி இல்லை. மின்னஞ்சல், படங்கள், கோப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி. இடம் இலவசம். கைப்பேசிப் படங்களால் அந்த இடம் நிரம்பிவிட்டால் புதிய கோப்புக்கும் இடமிருக்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இதே வகையில் ஜோஹோ என்னும் மென்பொருள் நிறுவனத்தின் ரைட்டரும் ஷீட்டும் தனிநபருக்குக் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்க் குடும்பத்தில் பிறந்தவர் என்பது நம் பக்கத்து வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும்.

ஆனால் 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரையேறியபோது நீங்கள் அங்கே இருந்திருந்தால், என் தயக்கத்தை விளக்கவே தேவையில்லை. மின்கம்பமும் கைப்பேசிக் கோபுரமும் சாய்ந்த நாட்களில், காப்பீட்டு எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இணையத்தில் மட்டும் இருந்தால் எட்டாது. வீட்டுக் கணினியில் மட்டும் வைத்து, அந்தக் கணினி தண்ணீரில் நனைந்தால் அப்போதும் இல்லை. ஆகவே வேலை செய்வது எதில் வேண்டுமானாலும் இருக்கட்டும். முக்கியமான கோப்புகள் இணையத்தில் ஒரு படி, கணினியில் ஒரு படி, பீரோவில் பிளாஸ்டிக் உறையில் போட்ட பென் டிரைவில் ஒரு படி என்று மூன்றிடத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை இதற்கென ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்கு இதை ஐப்பசி பிறப்பதற்குள் செய்துவிடுங்கள்.

கேள்வி: பாடநூலில் ஓபன் ஆபீஸ் என்று இருக்கிறது. நீங்கள் லிப்ரே ஆபீஸ் என்கிறீர்கள். எதை நிறுவுவது?
– பாபநாசம்

பதில்: லிப்ரே ஆபீஸை நிறுவுங்கள். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஜெர்மனியில் உருவான ஸ்டார் ஆபீஸை 1999-இல் சன் நிறுவனம் வாங்கி, அதன் மூல நிரலை 2000-இல் வெளியிட்டது; அதுவே ஓபன் ஆபீஸ். 2010-இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபின், அதில் உழைத்தவர்களில் பலர் அதே ஆண்டு செப்டம்பரில் பிரிந்து டாக்குமென்ட் பவுண்டேஷனைத் தொடங்கி லிப்ரே ஆபீஸை வளர்த்தார்கள். ஓபன் ஆபீஸ் 2011-இல் அப்பாச்சி அறக்கட்டளையிடம் போனது. இன்றும் கிடைக்கிறது, ஆனால் வளர்ச்சி மிக மெதுவாகிவிட்டது. பாடத்தில் வரும் பட்டிப் பெயர்களும் குறுக்கு விசைகளும் பெரும்பாலும் லிப்ரே ஆபீஸிலும் அப்படியே இருப்பதால் மாணவர்களுக்குக் குழப்பம் வராது.

அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ஏறத்தாழ 350 எம்.பி. அளவுள்ளது. அங்கே நன்கொடை கேட்பார்கள், கொடுத்தால் நல்லது, கட்டாயமில்லை. தேடலில் மேலே வரும் வேறு தளம் ஏதேனும் பணம் கட்டினால்தான் இறக்க முடியும் என்றால் உடனே வெளியே வந்துவிடுங்கள். ஒருமுறை இறக்கியதைப் பென் டிரைவில் வைத்துத் தெருவில் உள்ள எல்லா வீட்டிலும் நிறுவலாம், கடையிலும் பயன்படுத்தலாம். உரிமம் அதை அனுமதிக்கிறது. விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினியாக இருந்தால் இப்போதைய பதிப்பு ஏறாது.

கேள்வி: நான் வீட்டிலிருந்தபடி சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன், வருமான வரிப் படிவங்களும் தாக்கல் செய்கிறேன். ஆண்டுச் சந்தாவை நிறுத்திவிட்டு இலவசத்துக்கு மாறலாமா?
– மன்னார்குடி

பதில்: நீங்கள் மாற வேண்டாம். இதுவரை எல்லோரையும் பணம் கொடுக்காதீர்கள் என்று சொல்லி வந்தேன். உங்களிடம் நேர்மாறாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் பதிலில் சொன்ன தாளை நீங்கள் எழுதிப் பார்த்தால் வெளியே போகிற கோப்புகள்தான் நிறைய இருக்கும். வருமான வரித்துறை வெளியிடும் எக்செல் வகைப் படிவங்கள் மேக்ரோக்களால் ஆனவை. அவை எக்செலில் மேக்ரோவை இயக்கினால்தான் சரிபார்த்துத் தாக்கல் கோப்பை உருவாக்கும். கால்க் எக்செல் கோப்பை நன்றாகத் திறந்தாலும், எக்செலுக்கென எழுதிய மேக்ரோக்களை எல்லாம் அதே மாதிரி ஓட்டிவிடும் என்று நம்பித் தாக்கல் கடைசி நாளில் உட்கார முடியாது. வாடிக்கையாளர்கள் திருத்தி அனுப்பும் தாள்களும் எக்செலில்தான் வரும். எளிய படிவங்களுக்குத் துறையின் தனிச் செயலி இருக்கிறது என்றாலும், தொழிலாகச் செய்கிறவர் அதை மட்டும் நம்பியிருப்பது சரிவராது.

செலவைக் குறைக்க வழி உண்டு. வீட்டில் எத்தனை கணினி இருந்தாலும் உங்கள் தொழில் நடக்கும் ஒரு கணினிக்கு மட்டும் எக்செல் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கணினியில் லிப்ரே ஆபீஸ் இருக்கட்டும். சந்தாவுக்குப் பதில் ஒரே முறை விலை கொடுக்கும் ஆபீஸ் 2024-இன் விலையை உங்கள் ஆண்டுச் சந்தாவால் வகுத்துப் பாருங்கள். எத்தனை ஆண்டில் ஈடாகிறது என்பது தெரியும். அந்தக் கணினியை அதற்கு மேலும் வைத்திருப்பீர்கள் என்றால் ஒரே முறை வாங்குவதே இலாபம். வாங்கும்போது தொழிலுக்குப் பயன்படுத்த அனுமதிக்கும் வகைதானா என்று உரிம விதிகளைப் படித்துவிடுங்கள், கட்டணச் சீட்டை உங்கள் தொழில் செலவுக் கணக்கில் சேர்க்கவும் மறக்க வேண்டாம். சந்தாவைப் புதுப்பிக்கும் நாள் தாக்கல் பருவத்துக்கு நடுவில் விழுகிறதா என்று இன்றே பார்த்து, அப்படி விழுந்தால் ஒரு மாதம் முன்னதாகவே கட்டிவிடுங்கள். ஜூலை கடைசி வாரத்தில் எக்செல் பூட்டிக்கொண்டு நிற்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது.